ஊரெல்லாம் பூனை வளர்த்த காலம்

யுத்தம் முடிந்து, கடலுக்குப் போகப் படையினரிடம் எடுக்கும் பாஸ் எல்லாம் ஒழிந்த பிறகு, கல்முனையிலிருந்து கொழும்புக்கு ஐஸ் போட்டு மீன் லொறி அனுப்பியவர்களில் நானும் ஒருவன். ஒருவன் என்று அடக்கமாகச் சொல்கிறேன். முன்னுக்கு நின்றவன் நான்தான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் சொன்னவனுக்கு இந்த வளம் எப்படி வந்தது என்று கேட்பவர்கள் லொறியைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது ஒரு மேசையை.

சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊர் கடல் மீனைத் தொடவில்லை. கடல் கொண்டுபோன மையித்துகளை மீன் தின்றிருக்கும் என்று பேச்சு. முதலில் சொன்னது யாரென்று தெரியாது, சொல்லாதவர் எவருமில்லை. கோழிக்கடைக்காரர்கள் கொழுத்தார்கள். சவளக்கடை ஊர்ப் பக்கத்துக் குளத்து மீன், சேற்று மணத்தோடு, புது மாப்பிள்ளை மாதிரி ஊருக்குள் வந்தது. என் மீன்வாடியில் ஈ கூட உட்காரவில்லை.

என் வீட்டிலும் அதே கதைதான். மனைவியின் மூத்த அண்ணன், அவள் வாயில் மூத்த காக்கா, கடலோடு போனவர், ஜனாஸா கிடைக்கவில்லை. "இஞ்சாருங்க, அந்தக் கடல்ட மீன் இந்த அடுப்புல ஏறாது" என்றாள். அவளோடு நான் வாதாடவில்லை.

எனக்கு மீன் தருபவர் பக்கத்துத் தமிழ்க் கிராமத்துக் கடற்றொழிலாளி. அவருடைய அம்மாவும் அந்த அலையில் போனவர். உதவியாகக் கிடைத்த புதுத் தோணியில் போய்ப் பிடித்து வந்த மீனில் பாதியை, விலைபோகாமல், மணலில் புதைத்துக்கொண்டிருந்தார். ஒரு காலை வாடிக்கு வந்தார்.

"காக்கா, எஞ்சினை விக்கப் போறன். வீடு கட்டுற இடத்துல கல்லுத் தூக்கலாம்."

"தம்பி, நீ மீன் திங்கிறியா?"

"ஓம். வேற என்னத்தைத் திங்கிற?"

"அப்ப ஊட்டுக்குள்ள ஒளிச்சிருந்து தின்னாத. ரோட்டுக்கு வந்து தின்னு."

சந்தைக்கு முன்னால் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த மச்சானையும், என் தங்கச்சியின் புருஷன், சேர்த்தேன். மீன் இல்லாமல் அவனுக்குச் சோறு இறங்காது. அவனுடைய கொள்கை அவ்வளவுதான். கடை வாசலில், பஸ்ஸில் போகிறவர்களுக்கும் தெரியும்படி ஒரு மேசை. பள்ளிவாசலில் பகல் லுஹர் தொழுதுவிட்டு ஆட்கள் வெளியே வரும் நேரத்தில், பாரை மீன் ஆணமும் பொரியலும் சோறுமாக நாங்கள் மூன்று பேர். யாரோடும் வாதாடக்கூடாது, ஒரு நாளும் தவறக்கூடாது. இது நான் போட்ட சட்டம். அதிகாரிகள் கூட்டம் வைத்து, மீன் சாப்பிடலாம் என்று விளக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள். ஊர் தலையை ஆட்டிவிட்டுப் போய்க் கோழி வாங்கியது. நான் மேடை போடவில்லை, மேசை போட்டேன்.

"என்ன காக்கா, இண்டைக்கு யார்ட விரல் கிடைச்சிச்சு?" என்று ஏசிக்கொண்டு போவார் எதிர்க்கடைப் புடவை முதலாளி.

"முள்ளுத்தான் கிடைச்சிச்சு. வாங்க, ஒண்டு தாறன்" என்பான் மச்சான்.

மச்சானின் கடைக்கு ஆட்கள் வருவது குறைந்தது. "மேசையை உள்ளுக்குப் போடுவமா?" என்று ஒரு நாள் இழுத்தான்.

"உள்ளுக்குப் போட்டா நாம ஏதோ களவு செய்யிற மாதிரி ஆகிடும். இன்னொரு துண்டு போடு" என்றேன்.

சனம் எப்படி மாறும் என்று படித்தவர்கள் என்னிடம் வந்து கேட்கலாம். முதலில் ஏசும். பிறகு ஏச அலுத்துப்போய்ச் சும்மா பார்க்கும். பார்த்தால் எச்சில் ஊறும். ஊறியதை ஒத்துக்கொள்ளத்தான் வெட்கம்.

ஒரு நாள் பொழுது சாயும் நேரம், மஃரிப் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால், வாடியின் பின்பக்கமாக அந்தப் புடவை முதலாளி வந்தார்.

"ஒரு கிலோ பாரை தாங்க. பூனைக்கு."

"பூனைக்கு நடுத்துண்டா, வாலா?"

"நடுத்துண்டு" என்றார், என் முகத்தைப் பாராமல். "செதிலையும் எடுத்திடுங்க."

அந்தப் பூனைக்கு மறுநாளும் பசித்தது. பிறகு ஊரில் பிறந்த பூனைகளுக்குக் கணக்கில்லை. பள்ளிவாசல் மரைக்கார் வீட்டுப் பூனை தலையைத் தின்னாது. ஒரு வாத்தியாருடைய பூனைக்கு அறுக்குளா மீன் மட்டும்தான் பிடிக்கும். தோணிக்காரத் தம்பி வாயைப் பொத்திக்கொண்டு நிற்பார். "சிரிக்காத" என்பேன், "சிரிச்சா பூனையெல்லாம் செத்திடும்."

ஒரு மாலை மரைக்காரும் புடவை முதலாளியும் ஆளுக்கொரு பையோடு வாடிக்குப் பின்னால் முட்டிக்கொண்டார்கள்.

"உங்கட ஊட்டுலயும் பூனையா?"

"ஓம். ரெண்டு."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு சந்தை வரைக்கும் கேட்டது. மறுநாள் முன்பக்கமாகவே வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஊர் வந்தது. எஞ்சின் விற்கும் கதையைத் தம்பி பிறகு எடுக்கவேயில்லை.

ஊர் திரும்பியும் என் வீட்டு அடுப்பு திரும்பவில்லை. நானும் ஒரு வாலைக்கூட வாசல் தாண்டிக் கொண்டு போகவில்லை. வாதாடக்கூடாது என்று வெளியில் போட்ட சட்டம்தான் வீட்டுக்கும். அப்படியே நாட்கள் போயின. ஒரு காலை நான் செருப்பை மாட்டும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இஞ்சாருங்க, ரெண்டு விளைமீன் அனுப்பி விடுங்க. பூனைக்கு."

எங்கள் வீட்டில் ஒரு நாளும் பூனை இருந்ததில்லை. பூனை மயிர் பட்டால் அவளுக்கு இழுப்பு வரும். எந்தப் பூனைக்கு என்ற கேள்வி என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஊரையே வென்ற நாக்கு, கடித்துப் பிடித்துக்கொண்டேன்.

"செதில் எடுத்தா, எடுக்காமலா?"

"எடுத்து" என்றாள். பிறகு, அடுப்பை ஊதியபடி, "மூத்த காக்காக்கும் விளைமீன் எண்டாத்தான் சோறு இறங்கும்" என்றாள்.

அன்று பகல் வாசல் மேசையில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். சட்டம் போட்டவன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.