எண்ணூறுக்கு அறுநூறு

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட இருக்கும் மக்கீன் முதலாளியின் டைப்பிங் கடையில் கலாராணிக்குப் பதினோரு வருடம். கலஹா தோட்டத்தில் ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவள். கண்டியில் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே தட்டச்சைப் பார்த்துப் பழகினாள். ஆள் சொல்லச் சொல்ல, விசைகளைப் பாராமலே அடிப்பாள்.

அந்த விரல்களுக்குப் பின்னால்தான் கண்ணை மறைத்து வைத்திருந்தாள். நரம்பு காய்ந்து வருகிறது, கண்ணாடி போட்டாலும் பிரயோசனமில்லை என்று கிளினிக்கில் சொல்லி ஒரு வருடம். கிளினிக் கொப்பி வீட்டில் அரிசி வாளிக்குள் கிடந்தது. அடிப்பதில் சிரமமில்லை, அடித்ததைப் பார்த்துத் திருத்தத்தான் முடியாது. தெரிந்தால் வேலை போய்விடும். வேறு வேலை அவளுக்குத் தெரியாது.

ஒரு பழுதுதான் அவளைக் காப்பாற்றியது. வைரஸ் விழுந்த கடைக் கம்ப்யூட்டருக்கு யாரோ விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக் கொடுத்தார்கள். அது திரையைச் சரியாக அடையாளம் காணாமல், எண்ணூறுக்கு அறுநூறு என்ற சின்ன அளவிலேயே நின்றுவிட்டது. எழுத்தெல்லாம் பூசணிக்காயாகப் பெருத்தன. கலாராணிக்கு ஒவ்வொன்றும் தெரிந்தது.

"இது என்ன, அரிவரிப் புத்தகமா?" என்று மக்கீன் கத்தினார். "ஒரு படிவத்த முழுசாப் பார்க்க ஏலாம ஈக்கி. கிருஷாந்தி, இதச் சரி செஞ்சி தாங்க."

கிருஷாந்தி போட்டோகொப்பி மெஷினில் நிற்பவள், கம்ப்யூட்டர் படித்தவள். கறுப்பு ஜன்னல் ஒன்றைத் திறந்து, திரையின் உண்மையான அளவைக் கட்டளையாக அடித்தாள். எழுத்துகள் எறும்பாகச் சுருங்கின. கலாராணிக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஆனால் இரவு கரண்ட் போனதில், மறுநாள் காலையில் பழைய அளவே வந்திருந்தது. மெஷினை அணைத்தால் அந்தக் கட்டளை அழிந்துவிடும் என்று கலாராணி கண்டுகொண்டாள். கிழட்டு மெஷின், திறக்கச் சுணங்கும், அணைக்க வேண்டாம் என்பது முதலாளியின் உத்தரவு. அவளோ தினமும் எல்லோரும் போகும்வரை காத்திருந்து அணைத்தாள். கிருஷாந்தி நாலு தரம் சரிசெய்தாள். நாலு தரமும் திரை திரும்பிப் பெருத்தது.

ஐந்தாம் நாள், மறந்துபோன குடையை எடுக்க வந்த கிருஷாந்தி, சுவிட்சில் அவள் கையைப் பார்த்தாள். ஏன் என்று அவளுக்கு விளங்கியது. காலையில் நேரத்தோடு வந்து, மெஷின் திறக்கும்போது தானாக ஓடும்படி கட்டளையை எழுதி வைத்தாள். பிறகு கடிதம் அடிக்க ஒரு ஆள் வரட்டும் என்று காத்திருந்தாள்.

ஹேவாஹெட்டவிலிருந்து பாலம்மா வந்தாள். லயத்து வீட்டுக் கூரை ஒழுகுகிறது, தோட்டத்துத் துரைக்கு ஒரு கடிதம் வேண்டும். கலாராணி அடித்து முடித்தாள்.

"ஒருக்கா சத்தமா வாசிங்கக்கா, அவங்களும் கேக்கட்டும்" என்று குனிந்த கிருஷாந்தி, இரண்டு விசைகளைத் தட்டினாள். திரையில் நேற்று வேறு ஆளுக்கு அடித்த கடிதம் வந்தது. ஏறக்குறைய அதே நீளம்.

கலாராணி திரையைப் பார்த்தபடி மனதிலிருந்து வாசித்தாள். கூரைத் தகரம், மழை, நனைந்த பிள்ளைகள். ஒரு சொல் தவறவில்லை. பாலம்மா தலையாட்டினாள். பின்னால் வந்து நின்ற மக்கீன் ஆட்டவில்லை.

"கூரை எங்கக்கா இருக்கு?" என்றாள் கிருஷாந்தி. "இதுல அடையாள அட்டைதானே தொலைஞ்சிருக்கு!"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். விஷயம் விளங்காத பாலம்மாவும் கூடச் சிரித்தாள்.

"எத்தனை நாளா?" என்று மக்கீன் கேட்டார். கலாராணி கதிரையை விட்டு எழுந்தாள்.

"ஆளுகட பேரு, நம்பர் பிழைச்சா யாரு பதில் சொல்ற? நாளைக்கி வர வாணாம்." மேசை லாச்சிக்குள் ஸ்டேப்ளரைத் தேடிக்கொண்டே சொன்னார்.

அவள் பையை எடுத்தாள். கிருஷாந்தி அதற்குள் அவளுடைய கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். பழக்கத்தில் கலாராணியின் கை சுவரிலிருந்த சுவிட்சைத் தேடிப் போனது.

"அணைச்சிட்டே போங்கக்கா" என்றாள் கிருஷாந்தி. "இனி அது மாறாது."