மண்டூரில் கோதுமை படாத பிட்டு

மூன்று வருடமாக நான் பிறத்தியார் வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. கோபமும் இல்லை, விரதமும் இல்லை. எனக்குச் சீலியாக் நோய், ஒரு குடல் வருத்தம். கோதுமையிலும் பார்லியிலும் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால் என் உடம்பே என் சிறுகுடலைத் தாக்கத் தொடங்கிவிடும். அதற்குக் கோதுமைப் பாண் துண்டே வேண்டாம், பாண் வெட்டிய கத்தி போதும். மருந்து கிடையாது, வாழ்நாள் முழுக்க விலக்கி வைப்பதுதான் வைத்தியம். இது தெரியாமல் பல வருடம் இரத்தசோகைக்கு இரும்புக் குளிசை விழுங்கிய அறிவாளி நான்.

ஆனாலும் மட்டக்களப்புப் பக்கம் மண்டூர் முருகனைப் பார்க்கவேண்டும் என்ற ஆசை விடவில்லை. போன மாசியில் வெள்ளவத்தையில் இருந்து ஒரு சின்ன ரைஸ் குக்கரையும் இரண்டு கிலோ அரிசியையும் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டேன். "கோயிலுக்குப் போறீரா, குடியிருக்கப் போறீரா?" என்று என் மனிசன் வாசலில் நின்று சிரித்தார்.

கொழும்புக் கோட்டையில் காலை 6.05க்கு ரயில். மட்டக்களப்பில் இறங்க மூன்றரை ஆகிவிட்டது. நாவற்குடாவில் அறை, இரவுக்கு 4,000 ரூபாய். போன கையோடு குக்கரைச் செருகினேன். பட் என்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை, அவ்வளவுதான். அன்றைய இரவுச் சாப்பாடு நாலு வாழைப்பழமும் ஒரு சரை கச்சான் கடலையும்.

மறுநாள் எட்டு மணிக்குச் செல்வம் என்ற ஓட்டோக்காரத் தம்பி வந்தான். மண்டூர் போய்வர 5,000 பேசினோம். கல்முனை வீதியில் பாதி வழியில் ஒரு கடையில் நிறுத்தி, "இஞ்ச இடியப்பம் நல்லா இரிக்கும் அக்கா, தனி அரிசி மா" என்றான். பசி காதை அடைத்தது. இருந்தாலும் கேட்டேன். "ஓம், அரிசி மாதான்" என்றார் கடைக்காரர். "மெதுமெதுப்பா வரோணுமெண்டு அவிச்ச கோதும மா ரெண்டு பிடி போடுவம், அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்! அவரைக் குறை சொல்லமாட்டேன். நம் ஆட்களுக்கு இரண்டு பிடி மா கணக்கில்லை. நான் வெறுந்தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பினேன். செல்வத்துக்கு முகம் கறுத்துவிட்டது, என் நோய்க் கதையைச் சொன்னேன். தள்ளிப்போய் யாருக்கோ போன் எடுத்தான். "மண்டூரில எங்கட யோகம் அக்கா இரிக்கா. பகலைக்கு அங்கதான் உங்களுக்குச் சாப்பாடு" என்றான். அறியாத வீட்டில் இலை போட்டபிறகு வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது?

களுவாஞ்சிகுடி தாண்டி குருமண்வெளித் துறை. நகரில் இருந்து முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. அங்கே ஓட்டோவோடு 'பாதை'யில் ஏறினோம். பாதை என்பது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் இரும்பு மிதவை. ஆளுக்கு 30 ரூபாய், பத்து நிமிடம். சுற்றிவர அலையே இல்லாத தண்ணீர், தூரத்தில் இடுப்பளவு தண்ணீரில் ஒருவர் நின்று வலை வீசினார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பத்து நிமிடமும் பசி நினைவுக்கு வரவில்லை. இறங்கினால் இரு பக்கமும் அறுவடைக்கு நிற்கும் வயல்வட்டை.

கோயிலில் மத்தியானப் பூசைக்கு மந்திரம் இல்லை. பூசை செய்பவர் வாயை வெள்ளைச் சீலையால் கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார். மணிச் சத்தம் மட்டும்தான். எச்சிலோ மூச்சோ சாமிக்குப் படக்கூடாதாம்.

யோகம் அக்காவின் குசினிக்குள் போனபோது பன்னிரண்டரை. அங்கே நான் அப்படியே நின்றுவிட்டேன். அவவும் வாயைக் கட்டியிருந்தா! புதுப் பானை, பிட்டு அவிக்கப் புது நீத்துப்பெட்டி. சுவரில் மா சலிக்கும் அரிதட்டு தொங்கியது, ஓரமெல்லாம் வெள்ளைத் தூள், கோதுமை மாவோ? என் கண் அதில் போய் நின்றதைக் கண்டுவிட்டா. கையை ஆட்டி இல்லை என்று காட்டி, மாவை அரித்த புதுச் சீலையைத் தூக்கிக் காட்டினா.

பிட்டை இறக்கிய பிறகுதான் கட்டை அவிழ்த்தா. "மில்லுக்குக் குடுக்கல கா, அங்க எல்லாத்தையும் அரைப்பாங்க. உரலக் கழுவி நானே இடிச்சன்" என்றா.

"உங்களுக்கு இந்த வருத்தத்தைப் பற்றி முதலே தெரியுமா அக்கா?"

"பேரே இண்டைக்குத்தான் கேட்டன். ஆனா அம்மனுக்கு மடைப் படையல் வைக்கக்குள்ள வேறொண்டும் படப்படாதெண்டு தெரியும். இப்பிடித்தான் வாயக் கட்டி இடிப்பம். உங்கட வயிறும் அப்பிடித்தானே? மறுகா என்ன, தின்னுங்க."

மூன்று வருடமாக என் சொந்தக்காரருக்கு நான் விளங்கப்படுத்தித் தோற்றதை, இவ ஒரு போனில் பிடித்துவிட்டா. பிட்டு, தேங்காய்ப்பூ, எருமைத் தயிர், சீனி. அழுதுகொண்டுதான் தின்றேன், வெட்கம் என்ன இதில்.

இதே வருத்தத்தோடு இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு: அரிசி மாவா என்று மட்டும் கேட்காதீர்கள், அதில் வேறு என்ன சேரும், எங்கே அரைத்தது, எதில் அரித்தது என்றும் கேளுங்கள். பெருங்காயத்தூள், சோயா மீற், சோயா சோஸ் மூன்றிலும் கோதுமை இருக்கலாம், பக்கெட்டைப் படிக்காமல் தொடவேண்டாம். தயிர், பழம், அவித்த மரவள்ளி துணைக்கு வரும். வருத்தம் இருக்குமோ என்று சந்தேகம் உள்ளவர்கள் இரத்தப் பரிசோதனைக்கு முன் தாங்களாகக் கோதுமையை நிறுத்தவேண்டாம், முடிவு பிழையாகிவிடும். வயிறு சத்தம் போடவில்லை என்பதற்காகக் குடல் தப்பியது என்றும் நினைக்காதீர்கள். பாதையில் இருட்டுமுன் திரும்பிவிடுங்கள்.

எனக்குப் பிழையான சாப்பாடு என்றால் மூன்று மணித்தியாலத்துக்குள் தெரியும். அன்று பின்னேரம் முழுக்க வயிற்றில் கையை வைத்துக்கொண்டு இருந்தேன். ஒன்றுமில்லை. விடிய ஆறு மணிக்குப் போன் அடித்தது, செல்வம். "அக்கா கேக்கச் சொன்னா, வயிறு எப்பிடி?"

கொழும்புக்குப் பின்னேர ரயிலுக்குத்தான் சீட் போட்டிருந்தேன், அதுவரை நேரம் இருந்தது.

"நல்லா இருக்கெண்டு சொல்லும் தம்பி" என்றேன். "இண்டைக்கும் சாப்பிட வாறன் எண்டும் சொல்லும்."