வளவுக்குள் ஊசி புதைக்க விடவில்லை

நான் இன்சுலின் போடத் தொடங்கி மூன்று மாதத்தில், கிளிநொச்சிச் சந்தையில் மரக்கறி வாங்கிய பையொன்று நிறைய, பாவித்த ஊசிகள் சேர்ந்துவிட்டன. குப்பை எடுக்க வருகிறவர் பைகளை வெறுங்கையால்தான் அமத்திக் கட்டுவார். அவரிடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஊசிகளைத் தடித்த பிளாஸ்ரிக் போத்தலொன்றில் போட்டு இறுக்கி மூடினேன். டொக்டர் மருந்தை மாற்றியதால் மிஞ்சிய பழைய குளிசைகளும் இருந்தன.

ஒருநாள் குசினிக்குப் பின்னால் மண்வெட்டிச் சத்தம். போய்ப் பார்த்தால் என் கணவர் கிடங்கு வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போத்தல். தாட்டுவிட்டால் கரைச்சல் இல்லை என்றார்.

சண்டை முடிந்தும் இந்த வளவுக்குத் திரும்பிவர நாங்கள் இரண்டு வருடம் காத்திருந்தோம். கண்ணிவெடி எடுக்கிறவர்கள் முழங்காலூன்றிச் சாண் சாணாக மண்ணைக் கிளறி முடித்த பிறகுதான் உள்ளே விட்டார்கள். இன்றைக்கும் புதிதாக ஓரிடத்தைக் கொத்தப்போனால் என் கை ஒருக்கால் நிற்கும்.

“இந்த மண்ணுக்குள்ளை குத்துற சாமான் ஒண்டும் புதைக்க விடமாட்டன்,” என்றேன்.

ஊசிதானே என்றார். நான் போத்தலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

அடுத்த கிளினிக் நாளில் எல்லாவற்றையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வாசலில் நின்ற ஊழியர், வீட்டுக் குப்பை இங்கே எடுப்பதில்லை, கொண்டுபோய் எரியுங்கோ என்றார்.

“இது என்ரை வளவிலை முளைச்சதில்லை. நீங்கள் தந்தது. நீங்களே எடுங்கோ.”

அவர் சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். நான் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தேன். கிளினிக் முடிந்து சனம் கலைந்தது. என் பஸ்ஸும் போய்விட்டது. சீனி குறைந்துபோகாமலிருக்க, பையிலிருந்த இரண்டு பிஸ்கட்டைச் சாப்பிட்டேன். எழும்பவில்லை.

கடைசியில் பொறுப்பான தாதி வந்தா. வளவின் கதையைச் சொன்னேன். அவ போத்தலைத் திறக்காமலே வாங்கி, ஊசிகள் போடுகிற மஞ்சள் பெட்டியடிக்குக் கொண்டுபோனா. குளிசைகளை மருந்து கொடுக்கும் யன்னலில் கொடுக்கச் சொன்னா. அடுத்தமுறை முதலே கேட்டுவிட்டு வரும்படி கொஞ்சம் ஏசவும் செய்தா. ஏச்சை வாங்கிக்கொண்டேன். போத்தலை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகவில்லை.

அடுத்த மாதம் கிளினிக் வரிசையில் நின்ற இன்னொரு அம்மா, தன் பையைத் திறந்து ஊசிகள் போட்ட ஒரு போத்தலைக் காட்டினா. அதே ஊழியர் அவவையும் மறித்தார். நான் என் இடத்தை விட்டுவிட்டு, அவவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.