நாய்களுக்கு ஊற்றிய கிழங்குத் தண்ணீர்

அன்று நடந்தவை, நடந்த வரிசையில்:

1. காலை பத்தரை மணிக்கு மாரிமுத்து, தோட்ட மேலாளரான பெரிய துரையின் பங்களாவுக்குப் பின்னால் மூன்று நாய்களுக்கும் சாப்பாடு வைத்தார். சோறு, கருவாடு, வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு.
2. பதினொரு மணிக்குள் பெல்லா என்ற பெட்டை நாய் எச்சில் ஒழுகத் தள்ளாடி விழுந்தது. டோபி என்ற இளம் நாய் வாந்தி எடுத்தது. ரெக்ஸ் என்ற பெரிய நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.
3. தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஆள் வந்தான். ஆஸ்பத்திரிப் பொறுப்பாளரான டிரெஸ்ஸர், பிரசவம் பார்க்கத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் போயிருந்ததால் நான் போனேன்.
4. நான் போனபோது பெல்லாவுக்கு வலிப்பு வந்திருந்தது. ஈறுகள் செக்கச்செவேலென்று இருந்தன. என் கைக்குக் கீழேயே மூச்சு நின்றது.
5. டோபி தின்றதையெல்லாம் வெளியே தள்ளிவிட்டதால் பிழைத்தது.
6. பன்னிரண்டு மணிக்கு மாரிமுத்துவை உரக் கிடங்கில் வைத்துப் பூட்டினார்கள்.

இது ஜொகூரில், பாலோ என்ற ஊருக்கு அருகில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நடந்தது. ஜொகூர் பாருவில் நர்ஸ் வேலையும் மருந்து கலக்கும் வேலையும் படித்துவிட்டு, அந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் சேர்ந்த முதல் வருஷம். எனக்குப் பின் தோட்டங்களுக்கு வரும் பெண்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

நாய்ச் சாப்பாட்டில் நான் ஏன் தலையிட்டேன் என்று கேட்கலாம். ரப்பர் விலை விழுந்த காலம் அது. பங்களாவுக்கு இறைச்சி வருவது குறைந்தது. நாற்றங்காலைக் காட்டுப்பன்றியிடமிருந்து காத்த அந்த மூன்று நாய்களும் வெறும் சோறும் கருவாடும் தின்று, மலம் இறுகி, முடி கொட்டிக் கிடந்தன. மாட்டு டாக்டரைப் பார்க்க ரயிலேறிப் போக வேண்டும். துரை டிரெஸ்ஸரிடம் சொன்னார், டிரெஸ்ஸர் என்னிடம் சொன்னார். நான் ஒரு பட்டியல் எழுதி நாய்க்கொட்டிலின் சுவரில் ஒட்டினேன்.

கொடுக்கலாம்:
பூசணி, தோலும் விதையும் எடுத்து வேகவைத்தது.
பழுத்த பப்பாளி, விதை இல்லாமல்.
பயற்றங்காய், நறுக்கி வேகவைத்தது.
மரவள்ளிக்கிழங்கு, தோல் சீவி நன்றாக வேகவைத்தது.

கொடுக்கக் கூடாது:
வெங்காயம்.
மாங்கொட்டை, ரம்புத்தான் கொட்டை, டுரியான் கொட்டை. குடலில் அடைக்கும்.

நாய்களைக் கவனித்த மாரிமுத்துவுக்கு எழுத்து தெரியாது. இரண்டு தடவை படித்துக் காட்டினேன். அவர் ஒரு வரி விடாமல் திருப்பிச் சொன்னார். ஆறு வாரத்தில் நாய்களின் தோல் பளபளத்தது. துரை பாராட்டினார். எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

பெல்லா செத்த பிறகு கொட்டிலின் அடுப்படிக்குப் போனேன். சட்டியின் அடியில் நாழியளவு கலங்கல் தண்ணீர் மிச்சம் இருந்தது. கருவாட்டு நாற்றத்துக்கு அடியில் வேறொரு மணம் வந்தது. எங்கள் ஆஸ்பத்திரியில் நஞ்சு அலமாரியில் பூட்டி வைத்து, இருமல் மருந்தில் சொட்டுக் கணக்கில் சேர்க்கும் ஒரு அமிலத்தின் மணம், கசப்பு வாதுமைப் பருப்பு மணம். விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துத் துப்பினேன். கசந்தது.

கிடங்குக்குப் போய் ஜன்னல் கம்பி வழியாகக் கேட்டேன்.

"அண்ணே, இன்னிக்கு எந்தக் கிழங்கு போட்டீங்க?"

"நல்ல கிழங்கு தீர்ந்துபோச்சு மிஸ்ஸி. ஆத்தோரம் மாவு மில்லுக்குப் போட்டிருக்காங்களே, அதுல ரெண்டு மூடு புடுங்கினேன்."

"அது கசப்புக் கிழங்கு ஆச்சே!"

"ஆமா. லயத்துல நாங்களும் அதத்தானே திங்கிறோம். தண்ணிய ரெண்டு மூணு வாட்டி மாத்தி வேகவச்சா கசப்பு போயிரும்."

"நீங்க மாத்தினீங்களா?"

"நாய்க்கு எதுக்கு மிஸ்ஸி? அதுக்குக் கசப்பு தெரியவா போவுது? மூடி போட்டு ஒரே கொதி. அந்தத் தண்ணியிலயே கருவாட்டுத் தண்ணியக் கலந்து ஊத்துனேன். மளமளன்னு குடிச்சுதுங்க."

"தண்ணிய ஏன் கொட்டல?"

என்னை விசித்திரமாகப் பார்த்தார். "வடிச்ச கஞ்சிய யாராவது கொட்டுவாங்களா? சத்து பூரா அதுலதானே இருக்கு. பெல்லா சினையா இருந்துச்சு. அதுக்குத்தான் ரெண்டு அகப்பை சேத்து ஊத்துனேன்."

ரெக்ஸைப் பற்றிக் கேட்டேன்.

"அந்தப் பயலுக்கு நான் ஏன் ஊத்தணும்? என் புள்ள கால்ல பல்லு பதிச்சவன். சோத்த மட்டும் தள்ளிவிட்டேன்."

பத்து நாளுக்கு முன் ரெக்ஸ் அவருடைய மகளைக் கடித்திருந்தது. காயத்தைக் கட்டியது நான்தான். மறுநாள் பிரட்டுக் களத்தில், ஆள் எண்ணும் நேரத்தில், "இந்தக் கடிநாய் செத்தாத்தான் லயத்துப் புள்ளைங்க நடமாட முடியும்" என்று மாரிமுத்து எல்லோரும் கேட்கச் சொல்லிவிட்டார். துரையும் கேட்டார். லாலான் புல்லைக் கொல்லும் பாஷாண மருந்து கிடங்கில் இருந்தது. நாய்க்கொட்டிலுக்கும் கிடங்குக்கும் ஐம்பது அடி தூரம். துரைக்கு அது போதுமாக இருந்தது. நாளைக்குப் பாலோவிலிருந்து போலீஸ் வரும், குடும்பத்துக்கு வேலைநீக்கப் பத்துச்சீட்டு கொடுத்துத் தோட்டத்தை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று செய்தி பரவியது. அந்த வருஷத்தில் எந்தத் தோட்டமும் புது ஆள் எடுக்கவில்லை. பத்துச்சீட்டு வாங்கியவர்கள் சாலையோரத்தில் படுத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

டிரெஸ்ஸர் திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். சட்டியை முகர்ந்து பார்த்தார்.

"எனக்குக் கருவாட்டு நாத்தம்தான் வருது."

"சிலருக்கு அந்த மணம் தெரியாதுங்க ஐயா."

"சரி, இருக்கட்டும். உன் பட்டியல்ல என்ன எழுதியிருக்க? வேகவைன்னு. அவன் வேகவச்சான். தண்ணிய ஊத்துன்னு நீ சொன்னியா? இல்ல. அப்புறம் நீ ஏன் போய்த் தலையக் குடுக்கிற?"

"கொட்டுன்னும் சொல்லலையே ஐயா."

"ஆஸ்பத்திரிக்கு ஒரு பொண்ண அனுப்பியிருக்காங்கன்னு ஏற்கனவே ஆளாளுக்கு முணுமுணுக்கிறான். நீ ஒரு தப்பு பண்ணேன்னு தெரிஞ்சா, இன்னொரு பொண்ண இந்தப் பக்கமே அனுப்ப மாட்டாங்க. யோசிச்சுக்க."

நான் யோசித்தேன். உண்மையைச் சொல்வதானால், அன்று மாலைவரை யோசித்தேன், மறுநாள் காலையிலும் யோசித்தேன். கசப்பு மரவள்ளியில் இந்த நஞ்சு உண்டு என்று என் பாடக்குறிப்பில் ஒரு வரி இருக்கிறது. என் கையெழுத்துத்தான். என் வீட்டில் கிழங்கு வேகவைத்தால் தண்ணீரைக் கொட்டிவிடுவோம். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள் என்று எண்ணி, அந்த வரியை நான் பட்டியலில் எழுதவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு ஆபீஸுக்குப் போனேன். வாசலில் மாரிமுத்துவின் மனைவி காத்தாயி நின்று கத்திக்கொண்டிருந்தாள்.

"கடிச்ச நாய் முழுசா நிக்குது, கடிக்காத நாய் செத்துக் கெடக்குது! வெசம் வைக்கிறவன் ஆள் அடையாளம் தெரியாமயா வைப்பான்? தொரைக்குக் கண்ணு இல்லியா?"

"வைக்கிறப்போ தப்பிப்போச்சு. மாத்தி வச்சுட்டான்" என்றார் துரை. அவருக்குத் தோட்டத்துத் தமிழ் நன்றாக வரும்.

நான் உள்ளே போய் மேஜைமேல் இரண்டு பொருள்களை வைத்தேன். ஒன்று மூடி கட்டிய சட்டி. மற்றது நஞ்சு அலமாரியிலிருந்து எடுத்து வந்த சிறு புட்டி.

"தூரமா வச்சு ரெண்டையும் முகர்ந்து பாருங்க துரை" என்றேன். அவருக்கும் அந்த மணம் தெரியாமல் போனால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் புட்டியை முகர்ந்தார். சட்டியை முகர்ந்தார். மறுபடியும் சட்டியை முகர்ந்தார்.

"இது எங்கே கெடைச்சுது அவனுக்கு?"

"கிழங்குலயே இருக்குது. பாஷாணமா இருந்தா மணிக்கணக்கா வயிறு போயிருக்கும். இது ஒரு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சுபோச்சு. அந்தத் தண்ணிய ரெக்ஸுக்கு ஊத்தல, அதனால அது பிழைச்சுது."

"தண்ணிய ஏன் குடுத்தான்?"

"கொட்டணும்னு என் பட்டியல்ல இல்ல. எனக்குத் தெரியும். நான் எழுதல."

துரை புட்டியை என் பக்கம் தள்ளினார். "பெல்லா சினையா இருந்துச்சு. உனக்குத் தெரியுமா?" என்றார்.

"நேத்துத்தான் தெரியும்."

கிடங்கைத் திறக்கச் சொன்னார். போலீஸுக்கு வர வேண்டாம் என்று ஆள் அனுப்பினார். மாரிமுத்துவிடம் அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. வெளியே வந்த மாரிமுத்து நேராகக் கொட்டிலுக்குப் போய், பெல்லாவைப் புதைத்த இடத்தைக் கேட்டார்.

பட்டியலைத் திருத்தி எழுதினேன். மரவள்ளிக்கிழங்கை, அதன் இலை, தோல், தண்ணீர் எல்லாவற்றோடும், கூடாதவை பக்கத்துக்கு மாற்றினேன். அதற்குப் பதிலாகச் சர்க்கரைவள்ளிக்கிழங்கு, தோல் சீவி வேகவைத்தது. ஒவ்வொரு வரியிலும் இனிமேல் மூன்று பகுதி இருக்கிறது: எதைக் கொடுப்பது, எப்படிச் சமைப்பது, எதைக் கொட்டுவது.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். நோயாளிக்கானாலும் நாய்க்கானாலும், எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். திருப்பிச் சொல்ல வைப்பதும் போதாது. ஒரு நாள் முழுக்க நின்று, அவர்கள் சமைப்பதைப் பாருங்கள். மிச்சத்தை எங்கே ஊற்றுகிறார்கள் என்று பாருங்கள். உங்கள் வீட்டில் எல்லோரும் செய்வது அவர்கள் வீட்டில் யாருமே செய்யாததாக இருக்கலாம்.

இப்போது நிலைமை இது. நான் அதே ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். டிரெஸ்ஸரின் கையெழுத்து இல்லாமல் என் பட்டியல் எதையும் சுவரில் ஒட்டக் கூடாது என்பது துரையின் உத்தரவு. இரண்டு நாய்களுக்கும் பங்களாச் சமையல்காரர் சாப்பாடு வைக்கிறார். மாரிமுத்து கொட்டில் வேலைக்குத் திரும்ப மறுத்துவிட்டு, ரப்பர் பால் வெட்டப் போகிறார். வழியில் பார்த்தால், "சௌக்கியமா மிஸ்ஸி?" என்று கேட்பார். காத்தாயி கேட்பதில்லை. அவள் கணவர் ஒரு பகலும் ஓர் இரவும் பூட்டிய கிடங்கில் இருந்தபோது, காரணம் எனக்குத் தெரிந்திருந்தது என்பது அவளுக்குத் தெரியும். மருந்துக்கு வந்தால் வரிசையில் நிற்கிறாள். நான் நீட்டினால் வாங்குவதில்லை. டிரெஸ்ஸர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போகிறாள்.