மங்காஃபில் ஒரு கோட்டை முற்றுகை

ஈராக் யுத்தம் தொடங்கிய அடுத்த வருடக் குளிர்காலத்தில், குவைத்தின் மங்காஃப் கடற்கரையில் நான் ஒரு கோட்டை கட்டினேன். திருவிழா ஷோவுக்கான செட். பிளைவுட், தெர்மாகோல், சாம்பல் பெயிண்ட். சாய்ந்தால் சுவர் ஆடும். கதவை மட்டும் இரும்பு ஆங்கிள் வைத்து ஒழுங்காகச் செய்திருந்தேன். அது ஷோவில் உடைய வேண்டிய கதவு என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை.

ஐரோப்பாவிலிருந்து வர வேண்டிய பத்து நடிகர்களுக்கு விசா கிடைக்கவில்லை. மூன்று நாள் ஷோவின் முதல் நாள் காலை, இன்ஜினியர் எங்கள் கார்பென்டர்கள் பத்துப் பேரையும் வரிசையாக நிறுத்தினார்.

"இன்னிக்கு நீங்கதாம்பா வைகிங்."

"அது என்ன வேலை சார்?"

"ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி கப்பல்ல வந்து கொள்ளையடிச்சவங்க. நீ தலைவன்."

"விசாவுல கார்பென்டர்னுதானே சார் இருக்கு?"

அவர் கொம்பு வைத்த தொப்பியை என் தலையில் கவிழ்த்தார்.

கோட்டைக்குள் ஒரு கொடுங்கோல் பிரபு. குடிமக்கள் கலகம் செய்வார்கள். அந்த நேரம் பார்த்து நாங்கள் கதவை உடைத்து நுழைய வேண்டும். குடிமக்கள், எங்களோடு ஒரே பிளாக்கில் தங்கியிருந்த எட்டு பெயிண்டர்கள். பிரபு, நாங்கள் தங்கிய எல்லா பிளாக்குகளுக்கும் பொறுப்பான கேம்ப் பாஸ், திருநெல்வேலி அண்ணாச்சி. பிளாக்கில் கீசர் கெட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. பச்சைத் தண்ணீரில் நடுங்கிக் குளித்துவிட்டு டியூட்டிக்குப் போனோம். அண்ணாச்சியிடம் கேட்டால் "பாப்போம்" என்பார்.

மாலை நாலு மணிக்குப் படகிலிருந்து குதித்துக் கத்திக்கொண்டே ஓடினோம். நான் கோடாரியை ஓங்கினேன். தெர்மாகோல் கோடாரி இரண்டாக முறிந்தது. உள்ளேயிருந்தும் கதவை யாரும் திறக்கவில்லை. பெயிண்டர்கள் அண்ணாச்சியைக் கோபுரத்தில் ஏற்றிவிட்டு ஏணியை எடுத்துவிட்டிருந்தார்கள்.

"கீசர் எப்ப வரும் அண்ணாச்சி?"

"ஏல, ஆட்டத்த முடிங்கல. பெறவு பேசுவோம்." சட்டையிலிருந்த மைக்கில் அவர் குரல் கடற்கரை முழுக்கக் கேட்டது.

"மொதல்ல நாள் சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். "ஏ கார்பென்டர், கதவ ஒடச்சு வந்து என்னைய எறக்குல."

அன்று காலை நடுங்கியவர்களில் நானும் ஒருவன். "முடியல அண்ணாச்சி. ஸ்ட்ராங்கா செஞ்சுட்டேன்" என்று சொல்லி மணலில் உட்கார்ந்தேன். மற்ற ஒன்பது வைகிங்குகளும் உட்கார்ந்தார்கள்.

முன்வரிசையில் இருந்த குவைத்திக் கிழவர் ஒருவர் விஷயத்தை விசாரித்துத் தெரிந்துகொண்டு, கோபுரத்தைப் பார்த்து "ஹராம்", பாவம் என்று தலையை ஆட்டினார். அதற்குப் பிறகுதான் அண்ணாச்சி இறங்கிவந்தார், பேச்சில் மட்டும். "நாளைக்கு ரெண்டு மணிக்குப் புதுக் கீசர். போதுமால?"

கதவு திறந்தது. கூட்டம் எழுந்து கைதட்டியது. ஷோ டைரக்டரான வெள்ளைக்கார அம்மா, இவ்வளவு தத்ரூபமான கலகத்தைத் தான் பார்த்ததேயில்லை என்று என் கையைக் குலுக்கினார்.

மறுநாள் சொன்னபடி கீசர் வந்தது. பெயிண்டர்கள் வெந்நீரில் குளித்து, தலை வாரி, சோப்பு மணக்க வந்தார்கள். "பாத்து ஏறுங்க அண்ணாச்சி" என்று ஏணியைப் பிடித்துக்கொண்டார்கள். நாங்கள் படகிலிருந்து இறங்கும் முன்பே கதவை விரியத் திறந்துவைத்தார்கள். பாதிக் கூட்டம் எழுந்து போய்விட்டது.

டைரக்டர் அம்மா இன்ஜினியரிடம் நெடுநேரம் பேசினார். இன்ஜினியர் என்னிடம் வந்தார்.

"வேற பிளாக்ல ஏதாச்சும் ரிப்பேர் இருக்கான்னு கேக்கறாங்கப்பா."

சி பிளாக்கில் கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்றேன்.

மூன்றாம் நாள் குடிமக்கள் உடையில் சி பிளாக் ஆட்கள் நின்றார்கள். அண்ணாச்சி அவர்களைப் பார்த்தார், ஏணியைப் பார்த்தார். பிரபுவின் அங்கியைக் கழற்றி இன்ஜினியர் கையில் கொடுத்துவிட்டு, கேம்ப் பஸ்ஸில் போய் உட்கார்ந்துகொண்டார்.