பொழிக்கரையில் ஒரு பலகை

சில வருடங்களுக்கு முன்பு, பள்ளிக்கூடங்களுக்கு அரையாண்டு விடுமுறை விட்டிருந்த நேரம். நெய்யாறு கடலில் சேரும் பொழிக்கரையில், பிற்பகல் மூன்று மணி வாக்கில் நடந்தது இது. போலீசிலும் கோர்ட்டிலும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். முதலிலிருந்து கடைசி வரை யாரிடமும் சொன்னதில்லை.

பாறசாலைக்குப் பக்கத்தில், கடலைவிட்டுத் தள்ளி, கேரள எல்லையோரக் கிராமம் எனக்கு. டூரிஸ்ட் டாக்சி ஓட்டுகிறேன். வீட்டில் பேசுவது தமிழ், பள்ளியில் படித்தது மலையாளம். இந்த இரண்டு மொழியும்தான் எனக்குச் சோறு போட்டது. தமிழ்நாட்டிலிருந்து கேரளம் சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் என்னைத் தேடிக் கூப்பிடுவார்கள். எங்கே தங்கலாம், எந்த அருவியில் குளிக்கலாம், எந்தக் கடையில் மீன்சோறு நன்றாக இருக்கும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

அந்த முறை வந்தது ஈரோட்டுக் குடும்பம். கணவர் மின்வாரியத்தில் வேலை பார்ப்பவர், மனைவி, பதினொரு வயதில் ஒரே மகள். எறணாகுளம் ரயில் நிலையத்தில் ஏற்றினேன். மூணாறு, தேக்கடி, ஆலப்புழையில் படகுவீடு, வர்க்கலை, கடைசியில் திருவனந்தபுரம் என்று ஏழு நாள். எல்லாவற்றையும் ஒரு தாளில் அச்சடித்துக் கொண்டு வந்திருந்தார் அவர். பார்த்து முடித்த இடத்துக்கு நேரே பேனாவால் டிக் போட்டுக்கொண்டே வருவார்.

அந்த மனிதரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மூணாறில் அவர்கள் தங்கிய விடுதியில் டிரைவர்களுக்கு ஒதுக்கியிருந்த அறை ஒழுகியது. வழக்கம்போல நான் காரில் படுத்துக்கொண்டேன். காலையில் கண்ணாடி எல்லாம் பனி மூடிக் கிடந்ததை அவர் பார்த்துவிட்டார். அதன் பிறகு எந்த ஊரில் இறங்கினாலும், “தம்பிக்கு எங்கங்க இடம்?” என்று முதலில் அதைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் தன் அறைக்குப் போவார். சாப்பிடும்போது தனி மேஜையில் உட்கார விடமாட்டார்.

மகளுக்கு மலையாள எழுத்து மீது ஆசை வந்துவிட்டது. கார் நின்ற இடத்திலெல்லாம், “அண்ணா, அந்தப் போர்டுல என்ன எழுதியிருக்கு?” என்பாள். நானும் சொல்லிக் கொடுத்தேன். தமிழ் தெரிந்தவர்களுக்குச் சில எழுத்து சட்டென்று பிடிபட்டுவிடும். ஐந்தாம் நாள் பேருந்தில் எழுதியிருந்த ஊர்ப் பெயரை அவளே கூட்டி வாசித்தாள். அவள் அப்பா திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அவள் அம்மா, அந்த அக்காதான் பயந்த சுபாவம். மலைப்பாதை வளைவில், படகில் கால் வைக்கும்போது, யானை பார்க்கப் போனபோது என்று எல்லா இடத்திலும், “பயமில்லீங்களே தம்பி?” என்று என்னிடம் கேட்டுக்கொள்வார். “ஒண்ணும் இல்லக்கா, நான் உண்டுல்லா” என்பேன். அதுதான் என் தொழிலில் பாதி. ஒரு நாளைக்கு இருபது முறை சொல்லிச் சொல்லி, யோசிக்காமலே வாயில் வந்துவிடும் வார்த்தை.

கடைசி நாள் பத்து மணிக்கெல்லாம் தாளில் எல்லா இடமும் முடிந்துவிட்டது. ஊருக்குப் போகும் ரயில் மாலையில். அக்காவின் கணவர் என்னிடம், “உங்க ஊர்ப் பக்கம் பாக்கறதுக்கு ஏதாச்சும் இருக்குதுங்களா தம்பி?” என்று கேட்டார். ஏழு நாளாக மற்ற ஊர்களை எல்லாம் அவர்கள் வாய் பிளந்து பார்த்ததைப் பார்த்தவன் நான். என் ஊர்ப் பக்கத்தை யாருமே கேட்பதில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாலராமபுரத்தில் நிறுத்தி ஒரு சேலை வாங்கினார்கள். பிறகு என் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். என் மனைவி மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் வைத்திருந்தாள். சாப்பிட்டுவிட்டுப் பொழிக்கரைக்குக் கிளம்பினோம்.

ஆறு கடலோடு சேரும் இடத்தைத்தான் எங்கள் பக்கம் பொழி என்போம். ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் கடல், நடுவில் பொன்னிற மணல். படகில் போனால் எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது என்று படகுக்காரரே சொல்லிவிடுவார். ரயிலுக்கு நேரமாகிவிடுமே என்று நான் காரிலேயே கரைவரை கொண்டுபோய் இறக்கினேன்.

மணல் தொடங்கும் இடத்தில் ஒரு பலகை இருந்தது. ஆங்கிலத்தில் எழுதியிருந்த பாதி உப்புக்காற்றில் துருப்பிடித்து உதிர்ந்துபோயிருந்தது. மேலே மலையாளம் மட்டும் தெரிந்தது. மகள் அதன் முன்னால் நின்று, சிவப்பு எழுத்தில் பெரிதாக இருந்ததை விரலால் காட்டிக் கூட்டினாள்.

“அ… ப… க… டம். அபகடம். அப்படின்னா என்னண்ணா?”

அபகடம் என்றால் ஆபத்து. அதன் கீழே சின்ன எழுத்தில், கரை இடிந்து விழும், இதைத் தாண்டிப் போகக் கூடாது என்று இருந்தது. நான் முழுவதையும் படித்தேன். படிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.

அந்த அக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளதைச் சொன்னால் அந்த இடத்திலேயே திரும்பிப் போகலாம் என்பார் என்று எனக்குத் தெரியும். என் ஊரில் நான் காட்ட நினைத்த ஒன்றே ஒன்றைப் பார்க்காமல் போய்விடுவார்கள்.

“பாத்துப் போகணும்னு போட்டிருக்கு மக்கா, வேற ஒண்ணும் இல்ல” என்றேன்.

அந்த வருடம் ஐப்பசி மழை நீண்டுகொண்டே போய், ஆற்றில் இன்னும் நல்ல இழுப்பு இருந்தது. மேலே மணல் காய்ந்து கெட்டியாகத்தான் தெரிந்தது. அடியில் ஆறு அரித்துக்கொண்டு போயிருந்தது. அப்பாவும் மகளும் கைகோத்துக்கொண்டு விளிம்பில் போய் நின்றார்கள். அக்கா பின்னால் செருப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் இருபது அடி தள்ளி நின்று, மழைக்காலத்தில் ஆறு மணல்திட்டை அறுத்துப் பொழி உடைவதைப் பற்றி ஏதோ பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பேச்சுக்கு நடுவே அவர்கள் நின்ற இடம் அப்படியே தண்ணீருக்குள் இறங்கியது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை.

அவர் மகளைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக் கரைப்பக்கம் தள்ளியதைப் பார்த்தேன். வலை சரிபண்ணிக்கொண்டிருந்த இரண்டு பேர் கயிற்றோடு ஓடிவந்தார்கள். ஒருவர் குதித்து மகளின் சட்டையைப் பிடித்துவிட்டார். அப்பாவின் நீலச்சட்டை கடல் பக்கமாக இரண்டு முறை மேலே வந்தது. அப்புறம் வரவில்லை.

எனக்கு நீச்சல் தெரியும். எங்கள் ஊர்க் குளத்தில் பழகியது. நான் இறங்கவில்லை. கால் நகரவில்லை, அவ்வளவுதான்.

மகளைக் கரையேற்றியவர் ஐம்பது வயதுக்கு மேலிருப்பார். மூச்சு வாங்க மணலில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்தார்.

“நீ எவிட உள்ளவனாக்கும்?”

“பாறசாலை.”

“அப்போ ஒனக்குக் கடலு தெரியாது.”

“தெரியாது.”

“தெரியாதவன் எதுக்குலே இவியள இங்க கூட்டிட்டு வந்த?”

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. எழுந்துபோய் வள்ளத்தைத் தள்ளினார். இன்னும் நாலைந்து வள்ளங்கள் இறங்கின. இருட்டும் வரை தேடினார்கள். மறுநாள் காலை, வடக்கே கோட்டுகால் பக்கத்துக் கரையில் உடல் கிடைத்தது.

ஈரோட்டிலிருந்து உறவுக்காரர்கள் வந்துசேர ஒரு நாள் ஆகும். அதுவரை அந்த அக்காவும் மகளும் என் வீட்டில்தான் இருந்தார்கள். என் மனைவி தன் துணியைக் கொடுத்து மாற்றிக்கொள்ள வைத்தாள். கஞ்சி வைத்துக் கொடுத்தாள். இரண்டு பேரும் குடிக்கவில்லை. அக்கா அழுதுகொண்டே என் மனைவியிடம், “தம்பி மட்டும் கூட இல்லீன்னா பாஷை தெரியாத ஊர்ல நாங்க என்னங்க பண்ணியிருப்போம்?” என்றார். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே போக முடியவில்லை. என் மனைவிக்கும் அப்போது பலகை விஷயம் தெரியாது.

உடல் கிடைத்த அன்று, பிரேதப் பரிசோதனைக்கு முன்னால் போலீஸ் ஸ்டேஷனில் வாக்குமூலம் எழுதக் கூப்பிட்டார்கள். எங்கள் பக்கத்துப் போலீஸ்காரர்கள் பலருக்கும் தமிழ் தெரியும். ஆனால் அந்த எஸ்.ஐ. வடக்கே இருந்து மாற்றலாகி வந்தவர். தமிழ் தெரிந்த போலீஸ்காரர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். “நீதானே டிரைவர், அவர்கள் சொல்வதை மலையாளத்தில் சொல்லு” என்றார் எஸ்.ஐ.

அங்கே எச்சரிக்கைப் பலகை இருந்ததே, பார்க்கவில்லையா என்று கேட்டார். நான் அக்காவிடம் தமிழில் கேட்டேன்.

“பாத்தமுங்க. எங்களுக்குப் படிக்கத் தெரியாதே. தம்பிகிட்டத்தான் கேட்டோம். பாத்துப் போகணும்னு போட்டிருக்குன்னு நீங்கதான சொன்னீங்க” என்றார். குற்றம் சாட்டும் குரலில் அல்ல. நடந்ததை நடந்தபடி சொன்னார்.

எஸ்.ஐ. பேனாவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் மலையாளத்தில் சொன்னேன்: அபகடம் என்று எழுதியிருப்பதை டிரைவர் சொன்னார், என் கணவர்தான் கேட்காமல் முன்னால் போய்விட்டார் என்று சொல்கிறார்கள், சார்.

மூணாறுக்குப் பிறகு ஒவ்வொரு ஊரிலும் எனக்குப் படுக்க இடம் பார்த்தவர். அவர் மேலேயே பழியைப் போட்டேன். அதுவும் அவர் மனைவியின் வாயால். குரல்கூட நடுங்கவில்லை எனக்கு.

எஸ்.ஐ. எழுதத் தொடங்கினார். அம்மாவின் மடியில் சாய்ந்திருந்த மகள் நிமிர்ந்தாள். நேற்றிலிருந்து ஒரு வார்த்தை பேசாத பிள்ளை.

“அண்ணா, இப்ப அபகடம்னு சொன்னீங்கள்ல. அது அந்தப் போர்டுல இருந்த வார்த்தைதானே?”

நான் எஸ்.ஐ.யின் பேனாவைப் பார்த்தேன்.

“பாத்துப் போகணும்னுதானே அதுக்கு அர்த்தம்? நீங்க அப்படித்தானே சொன்னீங்க?”

என்னை மடக்குவதற்காக அவள் கேட்கவில்லை. ஏழு நாளாக எப்படிக் கேட்டாளோ அப்படியே, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

குழந்தை என்ன சொல்கிறது என்றார் எஸ்.ஐ.

தண்ணீர் கேட்கிறாள் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பொய் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அறையில் இரண்டு மொழியும் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அவள் முகத்தைப் பார்த்தேன். இன்னொரு வார்த்தைக்குத் தப்பான அர்த்தம் சொல்ல என்னால் முடியவில்லை. அவள் கேட்டதை அப்படியே மலையாளத்தில் சொன்னேன். பலகையில் இருந்த மற்ற வரியையும் சொன்னேன். கொஞ்சம் முன்னால் சொன்னது பொய் என்றும் சொன்னேன். எஸ்.ஐ. எழுதியதன் குறுக்கே கோடு போட்டுவிட்டு, “இனி நீ வாயைத் திறக்காதே” என்று சொல்லி, தமிழ் தெரிந்த போலீஸ்காரரைக் கூட்டிவர ஆள் அனுப்பினார்.

ஆனால் அக்காவுக்கு நான்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. தமிழில் சொன்னேன்.

“அப்ப, படிச்சுப் பாத்துட்டுத்தான் அப்படிச் சொன்னீங்களா?”

“ஆமாக்கா.”

“ஏனுங்க?”

“நீங்க பேடிச்சுத் திரும்பிப் போயிருவீங்கன்னு…”

மகளைத் தன் பக்கம் இழுத்து, அவள் காதைக் கையால் பொத்திக்கொண்டார்.

சாயங்காலம் அக்காவின் தம்பி ஈரோட்டிலிருந்து வண்டியோடு வந்தார். பைகள் எல்லாம் என் வீட்டில் இருந்தன. அக்கா வண்டியிலிருந்து இறங்கவில்லை. தம்பி மட்டும் உள்ளே வந்து எடுத்துக்கொண்டு போனார். அவர் என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பார்க்கக்கூட இல்லை. என் மனைவி அன்றைக்கு எல்லாவற்றையும் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். “அந்தப் பிள்ளை நம்ம வீட்டுச் சோறு தின்னுட்டுப் போச்சு” என்று மட்டும் சொன்னாள். பல நாட்கள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

என் மேல் கேஸ் போட்டார்கள். நெய்யாற்றின்கரை கோர்ட்டில் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. சாட்சி சொல்ல அவர்கள் ஒருமுறை வந்தார்கள். மகள் அம்மாவின் உயரத்துக்கு வளர்ந்திருந்தாள். கோர்ட் வராந்தாவில் நான் எழுந்து நின்றேன். அக்கா என்னைத் தாண்டிப் போய், பிறகு திரும்பி வந்தார்.

“அன்னிக்கு நீங்க பொய்யவே சொல்லிட்டுப் போயிருந்தா நாங்க நம்பியிருப்போமுங்க. உங்களுக்கு வருசா வருசம் பொங்கலுக்குப் போன் பண்ணியிருப்பேன். அத நினைச்சாத்தான் எனக்கு நடுங்குது” என்றார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் போய்விட்டார்.

வேறு தொழில் தெரியாததால் இன்னமும் கார்தான் ஓட்டுகிறேன். பொழிக்கரைக்கு மட்டும் யாரையும் கூட்டிப்போவதில்லை. நடந்ததை அரைகுறையாகக் கேள்விப்பட்டவர்கள் சிலர், “கேஸ் வரும்னு தெரிஞ்சும் உள்ளதைச் சொன்னியே மக்கா, அது பெரிய மனசாக்கும்” என்பார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் கூசிப்போகிறேன். அந்தப் பிள்ளை என்னிடம் ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்டாள். முதல் முறை கேட்டபோதே நான் உண்மையைச் சொல்லியிருந்தால், அவளுடைய அப்பா அன்றைக்கு மாலை ரயிலில் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்.