அண்ணனின் வலக்கை

இந்த நினைவு மலரை வாங்கிக்கொண்ட உங்களில் பலர் எங்கள் அண்ணன் கையால் முடி வெட்டிக்கொண்டவர்கள். ஆகவே அந்தக் கையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

அண்ணன் பிறந்தது மலாக்கா காஜா பேராங்கில், அப்பாவின் சவரக் கடைப் பின்கட்டில். அப்பா காலமானபோது அண்ணனுக்கு மீசைகூடச் சரியாக அரும்பவில்லை. கடையையும் அம்மாவையும் தம்பியான என்னையும் அவரே சுமந்தார். தமக்கென்று நல்ல வேட்டி எடுக்கமாட்டார். எடுத்தாலும் அது என் இடுப்பில்தான் இருக்கும். வேலையில் மட்டும் கர்வம் உண்டு. கைமிஷினை அழுத்தி அழுத்தி அவர் ஓட்டினால் பிடரியில் ஒரு முடி தப்பாது. தீபாவளி நெருங்கினால் பொழுது சாயும்வரை உட்காரமாட்டார்.

அப்படி ஒரு தீபாவளி கழிந்தபின் அவரது வலக்கை விரல்கள் மரக்கத் தொடங்கின. தூக்கத்தில் எழுந்து கையை உதறுவார். “மிஷின் புடிக்கிற கை, அப்படித்தான் இருக்கும்” என்பார். பிறகு ஒருநாள் சுடுநீரில் விரல் பட்டுக் கொப்புளித்தது; அவருக்குத் தெரியவே இல்லை. அன்றோடு அவர் கலகலப்பு போயிற்று.

விரல் மரத்தால் அந்நாளில் எவரும் முதலில் பயப்படுவது குஷ்டம் என்கிற பெருநோய்க்குத்தான். நோய்க்காரரைக் கப்பலேற்றித் தீவுக்கு அனுப்பிவிடுவார்கள். சவரக் கடைக்காரருக்கே அது என்று தெரிந்தால் கடைப்பக்கம் யார் வருவார்? அந்த வீட்டில் யார் பெண் கொடுப்பார்? அண்ணன் எவரிடமும் வாய் திறக்கவில்லை. ஊரார் தலையைத் தொடக் கூடாது என்று மறுநாளே கத்தரியை என்னிடம் தந்துவிட்டார். தனித் தட்டு, தனிப் பாய் என்று ஒதுங்கினார். இதன் காரணத்தையெல்லாம் பிற்பாடு அவர் சொல்லித்தான் அறிந்தோம்.

மாமா மகளோடு அவருக்குப் பரிசம் போட்டிருந்தது. “எனக்குக் கல்யாணம் வேணாம்மா, விட்டுடுங்க” என்றார். மாமா வாசலில் நின்று, “எம் பொண்ணுக்கு என்னடா கொறை?” என்று கத்தினார். அண்ணன் தலை குனிந்துகொண்டார். அடுத்த ஆண்டே அந்தப் பெண்ணை மூவாரில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

அதன்பின் அண்ணன் தேடிக்கொண்ட வேலையை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வயிறும் எரிகிறது. பண்டார் ஹிலிரில் வெள்ளைக்காரர் பங்களாக்களுக்குப் போய்ப் பெரிய கத்தரியால் வேலிச்செடி வெட்டினார்! கையைக் கெடுத்த அதே வேலையை இன்னும் பலமாகச் செய்தார். மரப்பு கூடியது, கட்டைவிரல் அடிச்சதை வற்றியது. நோய் முற்றிவிட்டது என்றே அவர் நம்பிவிட்டார். ஆண்டுகள் இப்படியே போயின.

பக்கத்து வீட்டில், மலாயே வீட்டுப் பேச்சாகிவிட்ட மலாக்காச் செட்டிக்காரர் ஒருவர் பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெஸ்ஸராக இருந்தார். அண்ணன் கையிலிருந்து காப்பிக் கோப்பை நழுவியதைப் பார்த்தவர், “தாங்கான் சாக்கிட்?” கை வலிக்கிறதா என்று மலாயில் கேட்டு, அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தார். ஒருவர் தம்மைத் தொட்டதிலேயே அண்ணன் ஆடிப்போனார். டிரெஸ்ஸர் விடவில்லை, டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார்.

டாக்டர் ஊசியால் குத்திப் பார்த்தார். பெருநோயில் பெரும்பாலும் முதலில் மரத்துப்போகும் சுண்டுவிரலில் உணர்ச்சி இருந்தது. உடம்பில் ஒரு தேமலும் இல்லை. இது பெருநோயே அல்ல, ஓயாமல் மிஷினும் கத்தரியும் பிடித்ததால் மணிக்கட்டுக்குள் நரம்பு நெரிபடுகிறது என்றார். முன்பே வந்திருந்தால் குணமாகியிருக்கும் என்றும் சொன்னார். அண்ணன் ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

பிறகு இரவில் மணிக்கட்டை மடங்காமல் மரப்பட்டை வைத்துக் கட்டிக்கொண்டார். வலி தணிந்தது, மரப்பு போகவில்லை. மீண்டும் கடையில் வந்து உட்கார்ந்து என்னை அதட்டுவதே அவர் வேலையாயிற்று. “கைய மடக்காதடா! நாற்காலிய ஒசத்து. ஒரு தலை முடிஞ்சா கொஞ்சம் ஒக்காரு!” என் கை இன்றும் நன்றாக இருப்பது அந்த அதட்டலால்தான். அவரை அதட்ட ஆளில்லாமல் போயிற்றே என்பதுதான் என் தீராத மனக்குறை.

சென்ற மழைக்காலக் காய்ச்சல் அண்ணனைக் கொண்டுபோய்விட்டது. கடைசிவரை மருந்து கொடுத்த டிரெஸ்ஸருக்கும், பாடை சுமந்த அண்டை வீட்டாருக்கும், அம்மாவைத் தனியே விடாமல் உடனிருந்த பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

மாமா மகளுக்கும் நன்றி சொல்ல வேண்டும். அண்ணன் படுக்கையில் விழுவதற்குச் சில மாதம் முன், தம் மகனுக்கு முதல் முடி இறக்க எங்கள் கடைக்கே வந்தார். நான் மழித்தேன், அண்ணன் எட்டி நின்றார்.

“ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாமே அத்தான்?”

“சொல்லியிருந்தா நீ போயிருக்கமாட்ட. அதுக்குப் பயந்துதான் சொல்லல.”

மாமா மகள் அண்ணனின் வலக்கையை எடுத்து, சந்தனம் பூசிய குழந்தையின் தலைமேல் வைத்தார்.

“குளுகுளுன்னு இருக்கா அத்தான்?”

“இருக்கு” என்றார் அண்ணன்.

அந்த விரல்களுக்கு அது தெரியாது என்பது அங்கிருந்த எங்கள் எல்லோருக்கும் தெரியும்.